சமூக நீதி படிக்க எந்தப் பட்டம்? கொழும்பிலிருந்து ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கலைப்பிரிவுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி, "ஆர்ட்ஸ் செய்து என்ன செய்யப்போறாய்?" என்பது. சட்டபீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தல் புள்ளி) எட்டினால் கேள்வி அத்தோடு நின்றுவிடும். எட்டாதவர்களிலும், எட்டியும் சட்டம் வேண்டாம் என்பவர்களிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. மனித உரிமை, பால்நிலை, மொழி உரிமை, தோட்டத் தொழிலாளர் பிரச்சினை எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும், ஒரே பாடத்துக்குள் அடைபட விருப்பமில்லை என்பார்கள். நான் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இப்படிக் கேட்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். இவர்களுக்குச் சரியான வழி காட்டுவார் இல்லையே என்ற கவலையும் உண்டு.

கல்விக் கண்காட்சிகளில் கிடைக்கும் துண்டுப்பிரசுரங்கள் பட்டத்தின் பெயரைத்தான் பெரிதாகப் போடுகின்றன. "சமூக நீதி", "தாராளக் கலைகள்" (பல துறைகளைப் பரவலாகப் படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ்), "பல்துறைக் கற்கை" என்ற பெயர்களை யாரும் வைக்கலாம். பட்டம் வழங்குவதற்கு முன் அந்த நிறுவனம் பிள்ளையிடம் எதைக் கட்டாயம் கேட்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தன் பாடத்துக்கு வெளியே எத்தனை பாடம் எடுக்கவேண்டும்? களத்துக்கு அனுப்புவார்களா? ஆய்வேடு எழுதியே ஆகவேண்டுமா? இந்த மூன்றையும் வைத்தே கீழே உள்ளவற்றை ஒப்பிடுகிறேன்.

முதலில் கிரெடிட் கணக்கு

"எங்கள் பட்டம் 360 கிரெடிட், உள்ளூரில் 120தான்" என்று யாராவது சொன்னால் மயங்கவேண்டாம். ஒவ்வொரு நாட்டுக் கிரெடிட்டும் வேறு அளவு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று வருடப் பொதுப்பட்டம் 90 கிரெடிட், சட்டகத்தில் 5ஆம் மட்டம். நான்கு வருடச் சிறப்புப்பட்டம் 120 கிரெடிட், 6ஆம் மட்டம். ஆகவே சிறப்புப்பட்டம் என்றால் 6,000 மணித்தியாலம்.

பிரித்தானியாவில் ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம்தான். அந்த 360ஐப் பெருக்கினால் 3,600 வரும். அமெரிக்காவில் அரையாண்டு முறைக் கிரெடிட் ஒன்று ஏறக்குறைய 45 மணித்தியாலம். 120 கிரெடிட்டுக்கு 5,400. இந்தியாவில் புதிய சட்டகப்படி ஒரு கிரெடிட் 30 மணித்தியாலம். நான்கு வருடப் பட்டத்துக்கு 160 கிரெடிட், 4,800 மணித்தியாலம். இவை கடதாசியில் உள்ள கணக்குகள். யார் எவ்வளவு நேரம் உண்மையில் படிக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் கொழும்பில் இலவசமாகக் கிடைக்கும் சிறப்புப்பட்டத்தைச் சிறியது என்று யாரும் உங்கள் பிள்ளைக்குச் சொல்ல இடம்கொடுக்காதீர்கள்.

கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடம்

உள்ளே போவதற்கு ஒரே அமர்வில் மூன்று பாடச் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, அதற்கு மேல் இசட் புள்ளிப் போட்டி. உள்ளே போனபின் முதலாம் வருடத்தில் சில பாடங்களைத் தொட்டுப் பார்க்கலாம். அந்த வருடப் பெறுபேற்றை வைத்தே சிறப்புக் கற்கைக்குத் தெரிவு நடக்கும். சமூகவியலோ அரசியல் விஞ்ஞானமோ சர்வதேச உறவுகளோ கிடைத்துவிட்டால், அதன்பின் பெரும்பகுதி அந்த ஒரு துறைதான். நான்காம் வருடத்தில் ஆய்வேடு எழுதவேண்டும்.

பல்துறை என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால் இது குறுகிய வழி. இருந்தாலும் அந்த ஆய்வேட்டை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கக் குடியிருப்பொன்றில் வீடு இழந்து மாடிக்குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஒரு பிள்ளை எழுதுகிறாள் என்று வையுங்கள். யாரிடம் பேசுவது, அனுமதியை எப்படிக் கேட்பது, பேச்சைத் தமிழில் பதிந்து எந்த மொழியில் எழுதுவது, பெயர்களை எப்படி மறைப்பது என்று அவள் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வாள். நீதியைப் பற்றி விரிவுரையில் கேட்டதெல்லாம் அந்த இடத்தில்தான் சோதனைக்கு வரும். பொதுப்பட்டத்தோடு மூன்று வருடத்தில் வெளியேறும் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்காது. அதனால்தான் முதலாம் வருடத்தை விளையாட்டாக எடுக்கவேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது.

மொழிமூலத்தையும் பாருங்கள். தமிழ் மொழிமூலத்தில் எந்தப் பாடம், எந்த வருடம் வரை நடக்கிறது என்று துறை துறையாக விசாரிக்கவேண்டும். "கலைப்பீடத்தில் தமிழ் இருக்கிறது" என்ற பதில் போதாது.

மனித உரிமையைத் தனியாகப் படிக்க விரும்பினால், இதே பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய மனித உரிமைகள் கற்கை நிலையம் இருக்கிறது. சிறப்புப்பட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவோ பிறகு தொடரவோ அது நல்ல இடம்.

சீதுவையில் சமூகப்பணி இளமாணி

வீட்டில் யாரும் இதைச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நீர்கொழும்பு வீதியில் சீதுவை, லியனகேமுல்லையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. அதன் வேர் 1952இல் தொடங்கிய சமூகப்பணி நிறுவகத்தில் இருக்கிறது. நான்கு வருடச் சமூகப்பணி இளமாணிப் பட்டம் இங்கே உண்டு. "சோஷல் வேர்க்கா? நிவாரணம் குடுக்கிற வேலைதானே" என்று கையை விரிக்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் காட்டுவது சமூகப்பணியாளரின் சர்வதேச கூட்டமைப்பு 2014இல் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணத்தை. சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப்பொறுப்பு, பன்முகத்தன்மைக்கான மதிப்பு ஆகியவையே இந்தத் தொழிலின் மையம் என்று அது சொல்கிறது. அப்படியானால், சமூக நீதியைத் தொழிலாகவே வைத்திருக்கும் பட்டம் இதுதான்.

பாடங்களும் இயல்பிலேயே பல துறைகளைச் சேர்ந்தவை: உளவியல், சமூகவியல், சட்டம், சமூகக் கொள்கை, ஆய்வுமுறை. பிள்ளை தானாகக் கலந்தெடுக்கத் தேவையில்லை. தொழில் கேட்பதால் அவை ஒன்றாக வருகின்றன. களப்பயிற்சி இல்லாமல் பட்டம் இல்லை. அமெரிக்காவில் சமூகப்பணி இளமாணிக்கு அங்கீகாரம் கொடுக்கும் சபை குறைந்தது 400 மணித்தியாலக் களப்பயிற்சியைக் கேட்கிறது. உலகம் முழுக்க இந்தப் படிப்பின் முதுகெலும்பு அதுதான். பிரதேச செயலகத்திலோ சிறுவர் இல்லத்திலோ வைத்தியசாலையிலோ பிள்ளையை அமர்த்துவார்கள். அவள் ஒரு குடும்பத்தின் விபரத்தைக் கேட்டு எழுதவேண்டும்: வீட்டில் யார் யார், பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, பாடசாலையை விட்ட பிள்ளை எந்த வகுப்போடு விட்டது, அம்மா எந்த மொழியில் படிவம் நிரப்பினார். அதை மேற்பார்வையாளர் வாசித்து, "இது உன் அபிப்பிராயம், இது அவர் சொன்னது" என்று கோடு போட்டுத் திருப்பித் தருவார். இரண்டையும் பிரித்தறியும் அந்தப் பழக்கத்தை வகுப்பறைக்குள் இருந்து கற்பது மிகக் கடினம்.

குறை என்னவென்றால் வழி முன்கூட்டியே தீர்ந்துவிடும். மூன்றாம் வருடத்தில் மெய்யியல் பிடித்துப்போனால் அதற்குள் இறங்க இடமிருக்காது. இன்னதைச் செய்யப்போகிறேன் என்று ஓரளவு தெரிந்த பிள்ளைக்கே இது பொருந்தும். தமிழ் மொழிமூல அனுமதி அந்த வருடத்துக்கு உண்டா என்பதை நேரில் போய்க் கேட்பதே நல்லது.

அமெரிக்க வழி

தாராளக் கலைகள் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இதுதான். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் பெரிய பகுதி பொதுக்கல்வி: எழுத்து, பேச்சு, கணிதம், விஞ்ஞானம், கலை, சமூக விஞ்ஞானம் எல்லாம் தொடவேண்டும். இலங்கையில் சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்கு விடைகொடுத்த கலைப்பிரிவுப் பிள்ளைக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். எனக்கென்றால் அதுதான் இந்த முறையின் மிகப்பெரிய பலம். தண்ணீர் மாசு பற்றிப் பேசும் ஒருவருக்கு ஓர் ஆய்வுகூட அறிக்கையை வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

இந்தத் தொகுதியில் இன்னொரு நிபந்தனை உண்டு. 2020இல் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, 2024-25இலிருந்து பட்டம் பெறும் எந்த மாணவரும் இனத்துவக் கற்கையில் 3 கிரெடிட் முடித்திருக்கவேண்டும். பூர்வகுடிகள், கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளியினர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஆகியோரின் வரலாறு அது. இந்தப் பாடத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் மாணவர்கள். 1968 நவம்பர் 6ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது. அதன் விளைவாக இனத்துவக் கற்கைக்கென்றே ஒரு பிரிவு அங்கே உருவானது. ஒரு கட்டாயப் பாடத்துக்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருந்ததை எங்கள் பிள்ளைகள் அறியவேண்டும்.

ஆனால் கொழும்புப் பிள்ளை ஒன்றை யோசிக்கவேண்டும். அங்கே கட்டாயமாகப் படிப்பது அமெரிக்காவின் காயங்களை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியதையோ 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையோ அங்கே யாரும் அவளிடம் கேட்கப்போவதில்லை. அதை அவளே தேடி, விருப்பப் பாடங்களிலும் ஆய்வேட்டிலும் நுழைக்கவேண்டும். எங்கள் நாட்டிலும் எல்லாப் பீடத்து மாணவரும் இதைப் படித்தே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம் இல்லை. இருந்திருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே அமெரிக்காவில் நேர் எதிரான ஒன்று, வொஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் உள்ள எவர்கிரீன் அரச கல்லூரி. 1971இல் மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது. கலைமாணிக்கு 180 காலாண்டுக் கிரெடிட்; அரையாண்டுக் கணக்கில் அது 120க்குச் சமம். பிரதான பாடம் என்று ஒன்று கட்டாயமில்லை. புள்ளியும் இல்லை, ஏ, பி தரங்களும் இல்லை. ஆசிரியர் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் பந்தி பந்தியாக மதிப்பீடு எழுதுவார். பல ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே பொருளைப் பல துறைகளிலிருந்து படிப்பிப்பார்கள். கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் எங்கள் அரச வேலை விண்ணப்பத்தில் "வகுப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். முதலாம் வகுப்பா, இரண்டாம் வகுப்பு மேல்நிலையா என்று கேட்கும். அங்கே பந்தியை எழுத முடியாது. இலங்கைக்குத் திரும்பி ஆசிரியர் சேவைக்கோ நிர்வாக சேவைக்கோ போக நினைக்கும் பிள்ளைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மேற்படிப்புக்கு அங்கேயே தொடர்வேன் என்பவளுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

எந்த வெளிநாட்டுப் பட்டமென்றாலும் அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று காசு கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது.

சிட்டகாங்கும் இந்தியாவும்

பெண்பிள்ளைகளுக்கு அருகிலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது. பங்களாதேஷின் சிட்டகாங்கில் 2008இல் திறந்த பெண்களுக்கான ஆசியப் பல்கலைக்கழகம். தாராளக் கலைகளை அடித்தளமாக வைத்து அரசியல், மெய்யியல், பொருளியல் மூன்றும் சேர்ந்த பட்டம் கொடுக்கிறார்கள். ஆடைத்தொழிற்சாலையிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்த பெண்களுக்கென்றே தனி ஆயத்த வழியும் உண்டு. பெரும்பாலானவர்கள் புலமைப்பரிசிலில் படிக்கிறார்கள். ஆங்கிலம் தளம்பும் பிள்ளை பட்டத்துக்கு முன் ஆயத்தக் காலத்தைக் கடக்கவேண்டும். வயது போகிறதே என்று பெற்றோர் பதறுவார்கள். பதறவேண்டாம். ஹட்டனிலிருந்தோ கொழும்பின் வரிசை வீடுகளிலிருந்தோ வரும் பிள்ளைக்கு அந்தக் காலம் வீணாகாது.

இந்தியாவில் 2022 டிசம்பரில் வந்த பாடத்திட்டச் சட்டகம் நான்கு வருடப் பட்டத்தின் 160 கிரெடிட்டில் பாதியைப் பிரதான பாடத்துக்கும், 9ஐப் பிற துறைப் பாடங்களுக்கும் வைக்கிறது. ஆய்வோடு சிறப்புப்பட்டம் எடுத்தால் 12 கிரெடிட் ஆய்வுக்குப் போகும். பெயர் பல்துறை, கட்டாயம் 9 கிரெடிட்! சென்னைக்குப் போக நினைப்பவர்கள் கல்லூரியின் சொந்த விதிகளைத் தனியாக வாசிக்கவேண்டும். இந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான புதிய கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு எதிர்த்து வந்திருக்கிறது.

வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்கு

நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், 1980இலிருந்து. கட்டணம் உண்டு, ஆனால் அங்கீகாரத்தில் சந்தேகமே இல்லை. சமூக விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. தெரிவுப் பரீட்சை எழுதிச் சட்டமும் படிக்கலாம். தொடர் மதிப்பீட்டில் தேவையான புள்ளி எடுக்காவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள் என்பதை முதல் நாளே மனதில் வைக்கவேண்டும். பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

என்னிடம் நேரே கேட்டால், தமிழ் மொழிமூலத்தில் படித்து, இந்த நாட்டிலேயே மக்களோடு வேலை செய்யவேண்டும் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்குச் சீதுவையை முதலில் சொல்வேன். எழுதுவதிலும் ஆய்விலும் ஆர்வம் என்றால் கொழும்புக் கலைப்பீடம், கட்டாயம் சிறப்புக் கற்கையோடு. என்ன வேண்டுமென்று இன்னும் தெரியாத, ஆங்கிலம் ஓரளவு கைவந்த பெண்பிள்ளைக்குச் சிட்டகாங். அமெரிக்கா முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டும்; வீட்டை ஈடு வைத்துப் போகவேண்டாம். பொதுப்பட்டத்துக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது என்றால் அதை விடாதீர்கள், பக்கத்திலேயே மனித உரிமைக் கற்கை ஒன்றையும் தொடங்குங்கள்.