‘எல்லா எண்களும் ஒத்துப்போகும்’ என்று விற்கப்படும் இஷாப்பூர் 303: வாங்குமுன் படிக்கவும்

டெக்சஸ் மாநிலத்தில் வார இறுதிகளில் நடக்கும் கன் ஷோக்களில் (துப்பாக்கி விற்பனைக் கண்காட்சிகளில்), ‘தனியார் சேகரிப்பு’ என்ற பலகையை மேசை மீது வைத்துக்கொண்டு இஷாப்பூர் 303 ரைபிள்களை விற்கும் ஒருவரிடம் 450 டாலர் கொடுத்து நான் வாங்கியது, சுடுவதற்குத் தகுதியற்றது என்று ராணுவமே ஒதுக்கிவைத்த அணிவகுப்புத் துப்பாக்கி என்பது பின்னர் தெரியவந்தது. அந்தத் தகுதிநீக்க முத்திரையை அரம் போட்டு அழித்து, மேலே கறுப்பு வண்ணம் பூசி விற்றிருக்கிறார். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பலர் இவ்வகைத் துப்பாக்கிகளை ஆர்வத்தோடு தேடுவதை அறிவேன் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அந்த ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. ஊரில் கான்ஸ்டபிள் தோளிலும், கருவூல வாசலில் நின்ற காவலர் கையிலும், என்.சி.சி. அணிவகுப்பிலும் பார்த்த அந்த ‘த்ரீ நாட் த்ரீ’ இந்தியாவில் தனிநபருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம்; அதனால்தான் அங்கே உரிமம் பெற்றவர்களுக்கென்று ஆயுதத் தொழிற்சாலைகள் அதே அமைப்பில் .315 ரைபிளைச் செய்து விற்றன. இங்கோ, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அசல் 303, உபரி இருப்பாக இறக்குமதியாகி, மேசை மேல் விலைச்சீட்டோடு கிடக்கிறது. வட ஆப்பிரிக்காவிலும், 1944-இல் கோஹிமாவிலும் இந்தியப் படையினர் ஏந்திய ஆயுதக் குடும்பம் அது. ஒரு காலத்தில் இங்கே நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது என்று பழைய சேகரிப்பாளர்கள் பெருமூச்சு விடுவார்கள். இன்று பல நூறு டாலர் ஆனாலும், புதிய வேட்டை ரைபிள்கள் பலவற்றைவிட மலிவுதான். பத்துத் தோட்டா மேகசின், வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட் (கைப்பிடியால் தள்ளித் தோட்டாவைக் குழலுக்குள் பூட்டும் தண்டு), எண்ணெய் ஊறிய மரத்தின் கனம் ஆகியவற்றைக் கையில் உணர்ந்த பிறகு பேரம் பேசும் திறன் யாருக்கும் சற்றுக் குறைந்துவிடும். விற்பவர்களுக்கும் இது தெரியும்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்போர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விலக்குகள் சில உண்டு. ஆனால் அவற்றை வழக்கறிஞர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள், மேசைக்குப் பின்னால் நிற்பவர் வாயால் அல்ல. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

விற்பவர் சொன்னது இதுதான்: 1942-ஆம் ஆண்டு இஷாப்பூர் தயாரிப்பு, எண்கள் அனைத்தும் ஒத்துப்போகின்றன (பாகங்களில் அடித்த வரிசை எண் ஒன்றே, அதாவது எல்லாம் அதே துப்பாக்கியின் பாகங்கள்), குழலின் உட்புறம் கண்ணாடிபோல் இருக்கிறது, தானே சுட்டுச் சோதித்திருக்கிறார். சோதனைக்குச் சான்றாக, சுட்ட தோட்டாக் கூடுகள் சிலவற்றை ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் துப்பாக்கியோடு சேர்த்தே கொடுத்தார். வலப்பக்கத்தில் கிரீடம், அதன் கீழ் பேரரசர் ஆறாம் ஜார்ஜைக் குறிக்கும் ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்துகள், இஷாப்பூர் என்ற பெயர், ஆண்டு எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. அவை உண்மையானவையே. துப்பாக்கியின் வரலாறு அசல். அதன் இன்றைய நிலைதான் மறைக்கப்பட்டிருந்தது.

வாங்கியதைச் சுடுமுன், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் காட்டுவது என் வழக்கம். அவர் முதலில் பார்த்தது எண்களை. குழல் பொருந்தும் வளையத்தின் மீதுள்ள எண்ணும் போல்ட் கைப்பிடியின் பின்புறம் உள்ள எண்ணும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் ‘4’ என்ற இலக்கத்தின் தலை திறந்திருந்தது, இரண்டாவதில் மூடியிருந்தது. போல்ட்டில் அந்த எண் இருந்த இடம் சுற்றுப்புறத்தைவிட நகக்கண் அளவுக்குப் பள்ளமாகவும் இருந்தது. அதாவது வேறொரு துப்பாக்கியின் போல்ட்டை எடுத்து, பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு, புதிதாக எண் அடித்திருக்கிறார்கள். ராணுவப் பணிமனைகளும் பழுதுபார்க்கும்போது இப்படி எண் மாற்றி அடிப்பதுண்டு, அது மோசடியல்ல. ஆனால் அங்கே போல்ட்டைப் பூட்டித் தாங்கும் பிடிப்புகள் இருபுறமும் சமமாகத் தாங்கும்படி பொருத்திப் பார்த்த பின்னரே எண் அடிப்பார்கள். இதில் ஒரு பக்கப் பிடிப்பு மட்டும் தேய்ந்து பளபளத்தது. மறுபக்கம் எதையும் தொட்ட அடையாளமே இல்லை.

அடுத்து, தோளில் பொருத்தும் பட் கட்டையின் பக்கவாட்டில் வேறு நிற மரத்தால் சதுரமாக ஒட்டுப் போட்டிருந்தது. இந்தியப் பணிமனைகள் மரத்தில் நேர்த்தியான ஒட்டுகள் போடுவது உண்மை என்பதால், விற்பவர் அதையே ஒரு சிறப்பாகச் சொல்லியிருந்தார். இந்திய ரைபிள்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசுவதும் வழக்கம்தான், ஆகவே அதைக் கண்டும் சந்தேகம் எழாது. குழலின் மேற்புறத்தை மூடும் பின்பக்க மேல்மரத்தைக் கன்ஸ்மித் கழற்றியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. குழலின் பின்முனையில், மரம் மூடியிருந்த இடத்தில், ‘டி.பி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஆழமாக அடிக்கப்பட்டிருந்தன. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்பது அதன் பொருள். தேய்மானம், வெடிப்பு, துரு என்று ஏதோ ஒரு காரணத்தால் தோட்டா போட்டுச் சுடக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவற்றுக்கே அந்த முத்திரை. அதே முத்திரை கட்டையிலும் வளையத்திலும் இருந்திருக்க வேண்டும். கட்டையில் இருந்ததை வெட்டியெடுத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வளையத்தில் இருந்ததை அரத்தால் வழித்து, பள்ளத்தை வண்ணத்தால் நிரப்பியிருக்கிறார்கள். மரத்துக்குள் ஒளிந்திருந்ததை மட்டும் விட்டுவிட்டார்கள். அதே இடத்தில், மரவிளிம்புக்குக் கீழே குழலின் வெளிப்புறம் துருவால் அம்மைத் தழும்பு போல அரித்திருந்தது.

பிறகு ஹெட்ஸ்பேஸ் பார்த்தார். 303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. போல்ட் முகப்புக்கும் அந்த விளிம்பு அமரும் இடத்துக்கும் இடையே உள்ள இடைவெளி 0.074 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது ராணுவ வரம்பு. அந்த வரம்பைச் சோதிக்கும் கேஜை (அளவுக்கட்டையை) வைத்தபோது போல்ட் அதன்மேல் முழுமையாக மூடிக்கொண்டது; மூடக்கூடாது. இந்த 303-இன் மூல வடிவமான பிரிட்டிஷ் என்ஃபீல்டின் பிற்கால நான்காம் எண் ரைபிளாக இருந்தால் 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகளில் பெரியதை மாட்டிச் சரிசெய்ய முயலலாம். இந்த முதலாம் எண் ரைபிளின் போல்ட் தலைகளுக்கு அளவு எண் கிடையாது. ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிப் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்படியே இடைவெளியைச் சரிசெய்தாலும், பிடிப்புகள் சமமாகத் தாங்காத போல்ட்டை அது குணப்படுத்தாது.

எனக்கு மிகவும் கோபமூட்டியது அந்தப் பிளாஸ்டிக் பைதான். கூடுகளில் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பியபோது, அடிவிளிம்புக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு மெல்லிய பளபளப்பான வளையம் தெரிந்தது. கன்ஸ்மித் ஒரு காகிதக் கவ்வியை நிமிர்த்தி, நுனியை வளைத்து, கூட்டின் உள்ளே விட்டு மேலும் கீழும் இழுக்கச் சொன்னார். கம்பி ஒரு பள்ளத்தில் இடறி நின்றது. உலோகம் அங்கே இழுபட்டு மெலிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுபட்டிருந்தால் கூடு இரண்டாக அறுந்து, உள்ளிருக்கும் உயரழுத்த வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிட்டிருக்கும். அந்தக் கூடுகள் இந்தத் துப்பாக்கியில் சுட்டவை என்றால், விற்றவர் ஆபத்தின் சான்றையே சோதனைச் சான்றாகக் கொடுத்திருக்கிறார். இல்லையென்றால், சோதித்தேன் என்றதே பொய். இரண்டில் எது என்று கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை.

கண்ணாடிபோன்ற குழல் என்ற கதையும் பாதிதான் உண்மை. எண்ணெய் வழிய வழிய விட்டு மினுக்கியிருந்தார். துடைத்த பிறகு, குழலுக்குள் திருகாக ஓடும் வரிப்பள்ளங்களில் கறுத்த அரிப்பு தெரிந்தது. பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் தீமூட்டும் பிரைமரில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட், சுட்ட பிறகு உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீரால் கழுவிய பின்னரே எண்ணெயிட வேண்டும். வெறும் எண்ணெயால் துடைத்து உறையில் போட்ட ஆயிரக்கணக்கான குழல்கள் இப்படித்தான் பாழாயின. இது யாருடைய அலட்சியம் என்று சொல்ல முடியாது. மறைத்தது யார் என்பது தெரியும்.

பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் அடுத்த பாடு. உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் 4473 என்ற படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. முகவரியும் பெயரும் இருக்கும். டெக்சஸில் ஒரு தனிநபர் அதே மாநிலத்தவருக்கு விற்கும்போது அந்தப் படிவம் தேவையில்லை. அவர் கொடுத்த கைச்சீட்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்று மட்டுமே இருந்தது. கன் ஷோ நடத்துவோரோ மேசை வாடகைக்கு மட்டுமே தாங்கள் பொறுப்பு என்று கைகழுவினர். எனக்குக் கைகொடுத்தது, வாங்குமுன் அவர் கைப்பேசியில் அனுப்பிய குறுஞ்செய்திகள்: ‘எண்கள் அனைத்தும் ஒத்துப்போகும், சுட்டுப் பார்த்தது, பாதுகாப்பானது’ என்று அவரே எழுதியிருந்தார். அவற்றோடு கன்ஸ்மித்தின் எழுத்துமூல அறிக்கையையும் இணைத்து, ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குத் தொடுப்பேன் என்று தெரிவித்தேன். இருபதாயிரம் டாலர் வரையிலான சிறு வழக்குகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். அதன் பிறகே 300 டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். மீதம் ‘அலைச்சல் செலவாம்’. யாருடைய அலைச்சல் என்று நான் கேட்கவில்லை.

அவர் மேசையில் இருந்த மற்றவற்றையும் சொல்ல வேண்டும். முன்மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டிய ரைபிள் ஒன்றைக் ‘காட்டுப்போர் ரகம்’ என்றார். அது கையெறி குண்டை எறிவதற்கென்று ஒதுக்கிய துப்பாக்கி, கம்பி கட்டியது மரம் பிளக்காமல் இருக்க. மேகசினில் மரக்கட்டை அடைத்த இன்னொன்றை வெறும் 303 என்றார். அது காவல்துறைக்காக வரிப்பள்ளம் நீக்கப்பட்ட .410 மஸ்கட், அதில் 303 தோட்டாவைப் போட நினைப்பது தற்கொலைக்குச் சமம். 2ஏ1 என்ற ரைபிளை 303-இலிருந்து மாற்றியமைத்தது என்றார். 1962 சீனப் போருக்குப் பின் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கென்றே, உறுதியான எஃகில் இஷாப்பூர் புதிதாகச் செய்தது அது, மேகசினும் பன்னிரண்டு தோட்டா கொள்ளும். குழல் குறுகிய 2ஏ1 ஒன்றை ‘ஜங்கிள் கார்பைன்’ என்று கூடுதல் விலைக்கு வைத்திருந்தார். 2ஏ1-ஐ அப்படி வெட்டிக் குறுக்கியவர்கள் அமெரிக்க வியாபாரிகள், எந்த ராணுவமும் அதை வழங்கியதில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்கான சேகரிப்பாளர் உரிமத்தை முப்பது டாலர் கட்டி மூன்றாண்டுக்கு எடுத்து, திருப்பி அனுப்பும் அவகாசம் தரும் உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்குவதே நல்லது. மேசையில் வாங்குவதானால், மேல்மரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கவ்விகளால் பிடித்திருப்பதுதான், சில நிமிட வேலை. மறுப்பவரிடம் பேரம் பேசாதீர்கள்.

துப்பாக்கியை அவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, ‘சுடத் தகாதது’ என்று எழுதிய கன்ஸ்மித்தின் அட்டை விசைக்காப்பில் கட்டியிருந்தது. பணத்தை எண்ணித் தந்த கையோடு அதை என் கண்முன்னே கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டார். எனவே அது மீண்டும் விற்பனைக்கு வரும். 1942, ஜி.ஆர்.ஐ. இஷாப்பூர், பட் கட்டையின் வலப்பக்கம் வெளிர்நிறச் சதுர ஒட்டு, போல்ட் கைப்பிடியில் தலை மூடிய ‘4’, பின்பக்க மேல்மரத்தின் கீழே, குழலின் இடப்பக்கம், அந்த இரண்டு எழுத்துகள்.