மட்கார்டைப் ‘பிளாஸ்டிக் வெல்டிங்’ செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

பைக்கின் முன் மட்கார்டோ பக்கவாட்டு பேனலோ உடைந்தால், புதிது வாங்க வேண்டாம், பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும் வெல்டிங் வைத்தே சரிசெய்து தருகிறோம் என்று சொல்லும் கடைகள் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன. முறையாகச் செய்தால் அது பயனுள்ள வேலைதான். ஆனால் வெல்டிங் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, சூப்பர் க்ளூவையும் ஆப்பசோடாவையும் வைத்து ஒட்டி, மேலே பட்டி தடவிப் பெயின்ட் அடித்து மறைத்துக் கொடுத்த ஒரு கடையில் நான் ஏமாற்றப்பட்டேன். உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடியது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நிறுத்தி வைத்திருந்த வண்டி சாய்ந்ததில், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் போல்ட் பூட்டும் இடத்தை ஒட்டி மட்கார்டில் விரிசல் விழுந்தது. “புதுசு எதுக்கு சார், வெல்டிங் வெச்சா ஒரிஜினலை விட ஸ்ட்ராங்கா நிக்கும்” என்றார் கடைக்காரர். 850 ரூபாய் வாங்கினார். ரசீதிலும் ‘பிளாஸ்டிக் வெல்டிங், பெயின்ட்’ என்றே எழுதிக் கொடுத்தார். திரும்ப வாங்கியபோது விரிசல் இருந்த சுவடே தெரியவில்லை. சில வாரங்களில், மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது மட்கார்டின் முன்பாதி முறிந்து டயரில் உரசத் தொடங்கியது. வேகம் குறைவாக இருந்ததால் ஓரம் கட்ட முடிந்தது. அந்தத் துண்டு டயருக்கும் போர்க்குக்கும் நடுவே சிக்கியிருந்தால் முன்சக்கரம் இறுகி, வண்டி என்னைத் தூக்கி எறிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து முறிந்த விளிம்பைப் பார்த்தேன். பெயின்டுக்கும் பட்டிக்கும் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. நகத்தால் நெம்பியதும் அது கண்ணாடிச் சில்லு போல முழுதாகப் பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக்கின் பழைய உடைவு அப்படியே இருந்தது. உருகியதற்கோ சூடு பட்டதற்கோ அடையாளமே இல்லை. வெல்டிங் என்ற பெயரில் அங்கே எந்த வெல்டிங்கும் நடக்கவில்லை.

ஆப்பசோடா பட்டதும் சூப்பர் க்ளூ நொடிகளில் கல்லாக இறுகிவிடும். கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு உறுதியாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கல்லுக்கு வளையும் தன்மை கிடையாது. ஓயாமல் அதிரும் மட்கார்டில் அது நிற்காது. என் மட்கார்டின் உட்புறத்தில் ‘பிபி’, அதாவது பாலிப்ரொப்பிலீன், என்று அச்சு இருக்கிறது. இந்த வகைப் பிளாஸ்டிக்கைச் சாதாரணப் பசை எதுவும் பிடிப்பதில்லை. இதே தொழிலைச் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை என்பதுதான் என் கோபம்.

எனவே கடைக்குக் கொடுத்தாலும், வீட்டிலேயே செய்தாலும், முதலில் அந்த அச்சைத் தேடுங்கள். அச்சு அழிந்திருந்தால் உள்விளிம்பில் சிறிது சுரண்டித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள்: பிபி மிதக்கும், பைக் பாகங்களில் வரும் இன்னொரு வகைப் பிளாஸ்டிக்கான ஏபிஎஸ் மூழ்கும். ஏபிஎஸ் என்றால் வேலை எளிது. உடைந்த ஏபிஎஸ் துண்டுகளைச் சீவி, கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தால், கரைந்து கூழாகிவிடும். விரிசலின் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலும் ஓடாது. உட்புறம் விரிசல் நெடுகச் சாய்வாகக் கீறி, கூழை நிரப்பி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் காயவிட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்படியில் வைத்துச் செய்யவே கூடாது. ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் கண்ணாடியில் அது பட்டால் மயிரிழை வெடிப்புகள் விழும்.

பிபி பாகத்துக்குச் சூடுதான் நம்பகமான வழி. சால்டரிங் அயர்னால் இரு விளிம்புகளையும் உருக்கிச் சேர்த்து, உட்புறத்தில் துருப்பிடிக்காத எஃகு வலையைப் பதித்து, அதன் மேல் பிபி சீவலையே உருக்கி மூட வேண்டும். காணொளிகளில் கேபிள் டையை உருக்கி ஊற்றுகிறார்கள். அது நைலான், பிபியோடு சேராது. புகையைச் சுவாசிக்காமல் திறந்த வெளியில் செய்யுங்கள். இவ்வளவு கவனமாகச் செய்தாலும் இது பேனலுக்குப் பொருந்தும் வைத்தியம்தான். போல்ட் பூட்டும் இடத்திலேயே உடைந்த முன் மட்கார்டை யார் ஒட்டித் தந்தாலும் வாங்காதீர்கள். நான் மாற்றிய புது மட்கார்டின் விலை 1,200 ரூபாய்.

கடையில் கேட்டபோது, பிளாஸ்டிக் வேலைக்கு கேரண்டி கிடையாது என்று கைவிரித்தார்கள். நான் கேட்டது கேரண்டி அல்ல. வெல்டிங்குக்கு வாங்கிய பணத்துக்கு வெல்டிங். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. கொடுக்கும்போதே வேலையின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள், பட்டி தடவுவதற்கு முன் ஒட்டிய இடத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உடைந்த துண்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.