கறிக்கடைக்காரன் சாப்பிட்ட ஸ்டேக்

கூத்தாநல்லூரில் முப்பத்தோரு வருடம் ஆட்டுக்கறிக்கடை வைத்திருந்தவன் நான். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அறுத்தால் நடுப்பகல் லுஹர் பாங்குக்குள் விற்றுத் தீர்த்துவிடுவேன். அதற்கு மேல் மீந்தால் எனக்கு அது பழைய கறி. அப்படிப்பட்டவனை மெல்பர்னில் இருக்கும் மகன், தடித்த துண்டாகச் சுட்ட மாட்டுக்கறி தரும் ஒரு ஸ்டேக் கடையில் உட்காரவைத்து, “அத்தா, இந்த மாட்டுக்கறி நான்கு வாரம் வைத்திருந்தது” என்றான். எழுந்து வந்துவிடலாமா என்று பார்த்தேன்.

கடை மெல்பர்னின் புறநகரான டாண்டினாங்கில், தாமஸ் தெரு ஆப்கானியர் பஜாரிலிருந்து நடக்கும் தூரம். பன்னிரண்டு மேசை, சுவரில் டிவி, குழந்தைகளின் கூச்சல். ஹலால் சான்றிதழைக் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். தேதி முடிந்துவிட்டதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

நான்கு வார விஷயத்துக்கு வருகிறேன். காற்றுப் புகாத உறையில், உறையவிடாமல் குளிரில் வைத்தால் கறியில் இருக்கும் நொதிகளே நாரைத் தளர்த்திவிடுமாம். இளசான ஆடாகப் பார்த்துப் பிடிப்பது நம் வித்தை. பெரிய மாட்டின் தசைக்குப் பொறுமைதான் வித்தை போலிருக்கிறது. வாயில் வைத்த பிறகு ஒப்புக்கொண்டேன்.

அதுவும் இரண்டாவது முறை போனபோதுதான். முதல் தடவை, நன்றாக வேகவேண்டும் என்று பிடிவாதமாக ‘வெல் டன்’ கேட்டேன். பரிமாறும் பெண் இரண்டு முறை “நிச்சயமாகவா?” என்றாள். வந்தது உப்புக்கண்டம். அது அவர்கள் குற்றமில்லை.

அடுத்த ஞாயிறு ‘மீடியம்’, நடுத்தர வேக்காடு. ரம்ப், 300 கிராம், 38 டாலர். நம்மூரில் அந்தக் காசுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஆட்டுக்கறி வாங்கலாம். ரம்ப் என்றால் மாட்டின் இடுப்பு முடிந்து பின்தொடை தொடங்கும் இடம். மேலே கருஞ்சிவப்பாக முறுகல், நடுவில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் விரல் அகலக் கொழுப்பு. கொழுப்பை ஒதுக்கச் சொல்லி என்னிடம் தினமும் சண்டை போட்ட வாடிக்கையாளர்களை நினைத்துக்கொண்டேன். இந்த ஓரத்தை ஒருவாய் தின்றிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டார்கள். போட்டது உப்பு மட்டும். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் சும்மா வைத்துத்தான் கொண்டுவருகிறார்கள்; உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும்.

தட்டில் கொஞ்சம் சிவப்பு நீர் ஊறியதும் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது இரத்தமில்லை. அறுக்கும்போதே இரத்தம் வடிந்துவிடும். இது தசையிலுள்ள சாயம் கலந்த நீர். மயோகுளோபின் என்றான் மகன். இத்தனை வருடம் என் கையில் பட்டதற்கு அன்றுதான் பெயர் தெரிந்தது. அவள் நம்பாமல் கோழி வாங்கிச் சாப்பிட்டாள், நன்றாக இருந்ததாம்.

காளான் சாஸ் வேண்டாம், மைதாக் கஞ்சி. மிளகு சாஸில் மிளகைத் தேட வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல் மூன்று பேருக்குக் காணும்.

விலைப்பட்டியலின் அடியில் எறும்பெழுத்தில் இருப்பதையும் படியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை 10 சதவீதம் கூடுதல். அன்று ஊழியருக்குச் சம்பளம் அதிகம் தரவேண்டுமாம். தரட்டும், நியாயம்தான், ஆனால் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். வரி விலைக்குள்ளேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. செவ்வாய், புதனில் போங்கள்.

என் உண்மையான மனக்குறை கத்திதான். ரம்ப் கறிக்கு ரம்பத்தையே கொடுத்துவிட்டார்கள், அத்தனை பல். அந்த அருமையான கறியை அது அறுக்கவில்லை, பிய்த்தது. நாரின் போக்குக்குக் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டவேண்டிய துண்டு! பில் கொடுக்கும்போது, உள்ளே போய் நானே நான்கு கத்திக்குச் சாணை பிடித்துத் தருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். மகன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.