அடுக்குப் படக்கோப்புகளை மொத்தமாகச் சுருக்குதல்: டிஃப், செவன்-ஜிப், தட்டையாக்கல் ஓர் ஒப்பீடு

வட்டு நிரம்பும்போது முதலில் கண்ணில் படுபவை பெரும்பாலும் ஃபோட்டோஷாப் என்னும் படத்திருத்த மென்பொருளின் அடுக்குக் கோப்புகளான பிஎஸ்டி கோப்புகளே. 6000 × 4000 பிக்சல் கொண்ட படத்தின் ஒரே ஓர் அடுக்கு, நிறமொன்றுக்கு 8 பிட் வீதம், சுருக்கப்படாத நிலையில் 72 மெகாபைட் ஆகும். 16 பிட் எனில் 144 மெகாபைட். இப்படிப் பத்து அடுக்குகளும் சில முகமூடிகளும் (அடுக்கின் சில பகுதிகளை மறைப்பவை) சேர்ந்த ஒரு கோப்பு ஒரு ஜிகாபைட்டை நெருங்குவதில் வியப்பில்லை. இத்தகைய நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் மாற்றி இடத்தை மீட்கப் பல வழிகள் உண்டு. ஆனால் எந்த வழி எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதைவிட, எந்த வழி எதைப் பறிக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிஎஸ்டி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதில் இருந்து தொடங்குவோம். 8 பிட் கோப்புகளின் அடுக்குகளை ஃபோட்டோஷாப் ஆர்எல்ஈ என்னும் எளிய முறையில் சுருக்குகிறது. ஒரே மதிப்புள்ள பைட்டுகள் வரிசையாக வந்தால் அவற்றை 'இத்தனை முறை' என்று குறித்துக்கொள்வதே அம்முறை. ஒரே வண்ணத்தில் பரந்த பின்னணி கொண்ட விளம்பரப் பதாகைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். பிக்சலுக்குப் பிக்சல் மாறும் ஒளிப்படத்துக்கு ஏறத்தாழ எந்தப் பயனும் தராது. 16 பிட் கோப்புகளின் நிலை வேறு. அவற்றின் அடுக்குகள் ஏற்கெனவே ஜிப் முறையில் எழுதப்படுகின்றன. ஆகவே அடுக்குகளைக் காத்தபடியே சுருக்கும் வழிகளில் 16 பிட் கோப்புகளில் கிடைக்கும் மிச்சம் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒருவர் பெற்ற பலனை மற்றவர் எதிர்பார்ப்பதால்தான் இவ்விஷயத்தில் முரண்பட்ட அறிவுரைகள் உலவுகின்றன.

வடிவத்தை மாற்றாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபோட்டோஷாப்பின் கோப்பு கையாளல் அமைப்புகளில், பிற மென்பொருள்களுடனான ஒத்திசைவை அதிகப்படுத்தும் தேர்வை அணைத்துவிட்டு மீண்டும் சேமித்தால், எல்லா அடுக்குகளையும் இணைத்த முழுப்படத்தின் நகல் கோப்பில் எழுதப்படாது. இரண்டு அடுக்குகள் மட்டும் உள்ள கோப்பில் இது கணிசமான மிச்சம். இருபது அடுக்குகள் இருந்தால் பொருட்படுத்தத் தக்கதல்ல. விலையோ பெரிது: ஒளிப்படத் தொகுப்புகளை ஒழுங்குபடுத்தும் லைட்ரூம் அந்தக் கோப்பை ஏற்காது, அடுக்குகளைப் படிக்கத் தெரியாத பிற மென்பொருள்களும் படத்தைக் காட்ட மாட்டா. மொத்தத் தொகுப்புக்கும் இதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுக்குகளுடன் கூடிய டிஃப் வடிவமே ஒளிப்படக்காரர்களுக்கான வலுவான போட்டியாளர். ஃபோட்டோஷாப் ஒரு டிஃப் கோப்பைச் சேமிக்கும்போது இணைத்த படத்துக்கு ஒரு சுருக்க முறையையும் அடுக்குகளுக்குத் தனியே இன்னொரு முறையையும் தேர்ந்தெடுக்க விடுகிறது. இரண்டிலும் ஜிப்பைத் தேர்ந்தெடுத்தால் 8 பிட் ஒளிப்பட அடுக்குகள் ஆர்எல்ஈயைவிடத் தெளிவாகச் சிறுக்கின்றன. பிக்சல்களில் எந்த இழப்பும் இல்லை. எழுத்து அடுக்கு, நிறத்தையும் ஒளியையும் மாற்றும் திருத்த அடுக்கு, மூலப்படத்தை உள்ளே வைத்திருக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆகிய யாவும் மீண்டும் திறக்கும்போது அப்படியே இருக்கும். பிற மென்பொருள்களுக்கு இணைத்த படம் எப்போதும் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி.

ஆனால் வரம்புகளும் உண்டு. டிஃப்பின் உச்ச அளவு 4 ஜிகாபைட். பிஎஸ்டியின் 2 ஜிகாபைட்டைவிட இது அதிகம் என்றாலும், அதையும் தாண்டிய பிஎஸ்பி (ஃபோட்டோஷாப்பின் பெரும் கோப்பு வடிவம்) கோப்புகள் இதற்குள் அடங்கா. டூயோடோன் என்னும் இரு மை நிறமுறையை டிஃப் தாங்காது. அடுக்குத் தரவு ஃபோட்டோஷாப்புக்கே உரிய ஒரு தனிப் பகுதியில் எழுதப்படுவதால், அதைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் திறந்து மீண்டும் சேமித்தால் அடுக்குகள் ஓசையின்றி மறைந்துவிடலாம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வைத்த பிஎஸ்டியின் அடுக்குகளைக் காட்டவும் மறைக்கவும் முடியும். டிஃப்பில் அது இயலாது. அசைவூட்ட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்காகத் தயாரித்த கோப்புகளுக்கும் இதே சிக்கல்தான். எனவே பக்க வடிவமைப்பிலோ அசைவூட்டத்திலோ இணைக்கப்பட்ட கோப்புகளை இந்த மாற்றத்தில் இருந்து விலக்கியே வைக்க வேண்டும். ஜிப் சுருக்கத்துடன் பெரிய கோப்பைச் சேமிக்க நேரம் மிகுதியாக ஆகும் என்பதால், அன்றாடம் திருத்தும் கோப்புக்கும் இது ஏற்றதன்று.

மொத்தமாகச் செய்யும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் மொத்த மாற்றக் கருவியான இமேஜ் பிராசஸர் டிஃப்புக்கு எல்இசட்டபிள்யூ என்னும் வேறொரு சுருக்கத்தை மட்டுமே வழங்குகிறது. 16 பிட் படங்களில் அது கோப்பைப் பெரிதாக்கவும் கூடும். ஆகவே ஜிப் தேர்வுகளுடன் சேமிக்கும் படிகளைக் கொண்ட ஓர் ஆக்‌ஷனைப் பதிவுசெய்து, அதைப் பல கோப்புகளுக்கு ஒருசேர இயக்கும் பேட்ச் கட்டளையின் வழியே இயக்குவதே முறை. சேமிப்பிடத்தைப் பேட்ச் தீர்மானிக்கும்படி அமைக்காவிட்டால், பதிவு செய்த ஒரே கோப்புறைக்கு எல்லாம் போய்ச் சேரும்.

வடிவத்தைத் தொடாமல் கோப்புகளை அப்படியே செவன்-ஜிப் அல்லது இசட்-ஸ்டாண்டர்டு என்னும் சுருக்கும் மென்பொருள் கொண்டு பொதிவது இரண்டாவது பெரும் போட்டியாளர். இனித் திறக்க வாய்ப்பு குறைந்த பணிகளுக்கு இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். பைட்டுக்குப் பைட் பழைய கோப்பே திரும்பக் கிடைக்கிறது என்ற உறுதியை வேறெந்த மாற்றமும் தருவதில்லை. அதோடு, பலர் கவனிக்காத ஓர் ஆதாயமும் இதில் உண்டு. ஒரே பணியின் நான்கைந்து பதிப்புகள் ஒரு கோப்புறையில் கிடப்பது வழக்கம். அவற்றில் மாறாத அடுக்குகள் ஒவ்வொரு பதிப்பிலும் பெரும்பாலும் அதே பைட்டுகளாகவே எழுதப்பட்டிருக்கும். பொதியும் மென்பொருளின் அகராதி அளவு (ஒப்பிட அது நினைவில் வைத்திருக்கும் முந்தைய தரவின் அளவு) ஒரு கோப்பின் அளவைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டாம் பதிப்பு முதல் மாறிய பகுதிகள் மட்டுமே இடம் பிடிக்கும். தனித்தனியே டிஃப்பாக மாற்றினால் இந்த ஆதாயம் கிடைக்காது.

இதற்கும் விலை உண்டு. செவன்-ஜிப்பில் அகராதியைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு நினைவகம் தேவைப்படும். ஒரு ஜிகாபைட் அகராதி பல கணினிகளுக்கு எட்டாதது. இசட்-ஸ்டாண்டர்டின் நீண்ட சாளரத் தேர்வு (சாளரம் என்பது இங்கே அகராதியைப் போன்றதே) அதைவிடக் குறைந்த நினைவகத்தில் இதையே செய்கிறது. ஆனால் அதன் இயல்புச் சாளரம் 128 மெகாபைட் மட்டுமே என்பதால், அதைக் கையால் உயர்த்த வேண்டும். கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கிய பொதியில் ஓரிடம் பழுதானால் அதன் பின்னால் வரும் கோப்புகளும் போகலாம். எனவே எல்லாவற்றையும் ஒரே பொதியில் அடைக்காமல் பணிக்கு ஒரு பொதியாக வைப்பது நல்லது. பொதிக்குள் இருக்கும் படத்துக்கு முன்னோட்டம் தெரியாது. சிறிய ஜேபெக் நகல் ஒன்றை வெளியே வைத்தால் தேடும் சிரமம் தீரும்.

வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமையே சுருக்கும் வசதி பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் ஆகியவற்றில் உண்டு. எதையும் மாற்றத் தேவையில்லை என்பது அதன் அழகு. ஆனால் சிறுசிறு துண்டுகளாகச் சுருக்குவதால் மிச்சம் மிதமானதே.

கிம்ப், கிரிட்டா ஆகிய படமென்பொருள்களின் சொந்த வடிவங்களுக்கோ ஓப்பன்ராஸ்டர் என்னும் பொது வடிவத்துக்கோ மாற்றுவதை இடம் மிச்சப்படுத்தும் வழியாக நான் கருதவில்லை. தொடக்கத்தில் இருந்தே அவற்றில் வரைபவர்களுக்கு அவை பொருத்தமானவை. கிம்ப் 2.10 முதல் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்புக்கு மெதுவான ஆனால் கூடுதல் சுருக்கம் தரும் தேர்வு உண்டு. அதை இயக்கினாலே அவர்களுக்குப் போதும். ஆனால் ஃபோட்டோஷாப்பில் உருவான கோப்பு இவற்றுக்குள் வரும்போது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வெறும் பிக்சலாகிவிடும். திருத்த அடுக்குகளும் முழுமையாகத் தப்பும் என்று நம்ப முடியாது. கட்டளைகளால் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் கொண்டு பிஎஸ்டியை மாற்றுவதிலும் இதே ஆபத்து உண்டு. அதன் மோக்ரிஃபை கட்டளை மூலக்கோப்பின் மேலேயே எழுதக்கூடியது என்பதால், வேறு கோப்புறையைக் குறிப்பிடாமல் அதை இயக்கவே கூடாது.

அடுக்குகளையே இணைத்துத் தட்டையாக்குவது எல்லாவற்றிலும் அதிக இடத்தை மீட்கும். வாடிக்கையாளர் ஏற்று முடிந்துபோன, மறுதிருத்தம் வேண்டாத படங்களுக்கு இது நேர்மையான முடிவே. அப்படிச் செய்வதானால் ஜிப் சுருக்கிய 16 பிட் டிஃப்பையோ பிஎன்ஜியையோ தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேபெக் 8 பிட்டில் நின்றுவிடும், ஒவ்வொரு மறுசேமிப்பிலும் தரத்தை இழக்கும். அச்சுக்கான நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே படங்களுக்குப் பிஎன்ஜி உதவாது. எழுத்து அடுக்குகள் உள்ள எந்தக் கோப்பையும் நான் தட்டையாக்க மாட்டேன், ஏனெனில் ஒரு தேதியையோ பெயரையோ திருத்தச் சொல்லும் கோரிக்கை எப்போது வரும் என்று எவராலும் கூற இயலாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், மூலங்களை அழிக்கும் முன் சரிபார்ப்பு கட்டாயம். பொதிகளுக்குப் பொதிந்த மென்பொருளின் சோதனைக் கட்டளையை இயக்கினால் போதும். டிஃப்புக்கு, இணைத்த படத்தைப் பழையதுடன் பிக்சல் அளவில் ஒப்பிட இமேஜ்மேஜிக்கின் கம்பேர் உதவும். ஆனால் அடுக்குகள் தப்பினவா என்பதை அது சொல்லாது. அதற்காகச் சில கோப்புகளையேனும் ஃபோட்டோஷாப்பில் திறந்து, ஓர் எழுத்து அடுக்கையும் ஒரு ஸ்மார்ட் ஆப்ஜெக்டையும் திருத்திப் பார்க்க வேண்டும். அதுவரை பழையதும் புதியதும் சேர்ந்தே வட்டில் இருக்கும் என்பதால், நிரம்பிய வட்டிலேயே இந்த வேலையைத் தொடங்காமல், புதிய கோப்புகளை வேறொரு வட்டுக்கு எழுதச் செய்வதே பாதுகாப்பானது.