ஐந்தாம் போர்ட், ஆறாம் போர்ட்: ஒரே மதர்போர்டுடன் ஆறு வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை கேபினட்டைத் திறந்து தூசி தட்டினேன். செய்தது அவ்வளவுதான். மூடிவிட்டு ஆன் செய்தால் விண்டோஸ் வருகிறது, இணையம் வருகிறது, எல்லாம் வருகிறது, பழைய புகைப்படங்கள் மொத்தமும் இருக்கிற 4 டிபி ஹார்டுடிஸ்க்கை மட்டும் காணோம். வயிற்றைக் கலக்கியது. கேபிளை அழுத்திப் பார்த்தேன், வேறு கேபிள் மாற்றினேன், டிஸ்க் மேல் காதை வைத்துச் சுழல்கிறதா என்று கேட்டேன், நன்றாகத்தான் சுழல்கிறது. ஒரு மணி நேரம் போன பிறகுதான் உறைத்தது, மதர்போர்டில் டிஸ்க் செருகும் சாட்டா போர்ட்கள் ஆறு இருக்கின்றன, அதில் வேலை செய்யாத ஐந்தாவதில் செருகியிருக்கிறேன். இதே தப்பை, இதே போர்டில், இதே கையால் மூன்றாவது தடவை.

அந்த எரிச்சல் ஆறும் முன்னே நண்பனிடமிருந்து செய்தி. "டேய், புதுசா பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். உன்னுது இத்தனை வருஷமா ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுதுல்ல, அதே லிஸ்ட்டை அனுப்பு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடறேன்."

தொந்தரவு இல்லாமலா! சரி, அவனுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இது, நீண்டுவிட்டது.

2019இல் சேர்த்த மெஷின். பி450 சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு மதர்போர்டு, ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசஸர், இரண்டு எட்டு ஜிபி டிடிஆர்4 ரேம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி, மேலே சொன்ன ஹார்டுடிஸ்க், 27 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. போர்டை யார் செய்தது என்று சொல்லப்போவதில்லை. இன்றைக்கு இருக்கும் கோபத்தில் பெயரைச் சொன்னால் அது நியாயமாக இருக்காது, தவிர இந்த வியாதி அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதும் இல்லை.

வாங்கும்போது ஏனோதானோ என்று வாங்கவில்லை. பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சொல்லும் தளத்தில் எல்லாவற்றையும் போட்டு, பச்சை நிறம் வந்த பிறகுதான் வாங்கினேன். பச்சைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ குறிப்புகள் இருந்தன, அதை யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை. பிற்பாடு அதே லிஸ்ட்டை மறுபடி போட்டுப் பார்த்தபோது, எம்.2 ஸ்லாட்டில் (கேபிள் இல்லாமல் எஸ்எஸ்டியை நேரே போர்டில் மாட்டும் இடம்) ஏதாவது போட்டால் சில சாட்டா போர்ட்கள் வேலை செய்யாது என்று அங்கே எழுதித்தான் இருந்தது. போர்டின் கையேட்டிலும் இருக்கிறது, அட்டவணைக்கு அடியில், நட்சத்திரக் குறி போட்ட ஒரே ஒரு வரியாக. ஆகவே யாரும் என்னை ஏமாற்றவில்லை. எரிச்சலை அது குறைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏன் இப்படி என்றால், ஏஎம்4 என்ற சாக்கெட்டில் உட்காரும் இந்தப் பிராசஸரிலிருந்து வெளியே வரும் பிசிஐஇ பாதைகள், அதாவது தகவல் போய்வரும் தடங்கள், மொத்தம் 24. பதினாறு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகின்றன, நான்கு சிப்செட்டுக்கு, மிச்சம் நான்கு சேமிப்புக்கு. அந்த நான்கையும் சாட்டாவைவிட வேகமான ஒரு என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கே கொடுக்கலாம், இல்லாவிட்டால் இரண்டை அதற்குக் கொடுத்துவிட்டு இரண்டைச் சாட்டா போர்ட்களாக மாற்றலாம். என் போர்டைச் செய்தவர்கள் ஐந்தாம், ஆறாம் போர்ட்களை அந்த இரண்டில்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும்வரை ஆறு போர்ட்டும் வேலை செய்யும். அதில் நாலு பாதை கேட்கும் எஸ்எஸ்டியைப் போட்ட நொடியில் ஐந்தும் ஆறும் வெறும் பிளாஸ்டிக். பெட்டி மேல் மட்டும் "6 சாட்டா, 1 எம்.2" என்று பெரிதாக அச்சடித்திருக்கும், இரண்டும் உண்மை, சேர்ந்து உண்மை இல்லை. பயாஸில் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) எஸ்எஸ்டியை இரண்டு பாதைக்கு இறக்கி அந்த இரண்டு போர்ட்டையும் மீட்கும் ஒரு தேர்வு இருக்கிறது, ஆனால் வேகத்துக்காக வாங்கியதைக் கையைக் கட்டி ஓடவிட மனசு வரவில்லை.

இந்தத் தப்பு முதல் தடவை நடந்தது 2021இல், என்விஎம்இ வாங்கிப் போட்ட அன்று. ஹார்டுடிஸ்க் போய்விட்டது என்றே முடிவு கட்டி இரண்டு நாள் துக்கம் காத்தேன். இரண்டாவது தடவை 2023இல் பிராசஸர் மாற்றியபோது, எல்லாவற்றையும் கழற்றி மாட்டியதில். அப்போது உஷாராகி அந்த இரண்டு போர்ட் மேலும் டேப் ஒட்டினேன். போன வாரம் தூசி தட்டும்போது கருத்துப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று துடைத்து எறிந்தேன் பாருங்கள், அதுதான் அந்த டேப்.

ஏன் கை அங்கேயே போகிறது என்பதற்கும் காரணம் உண்டு, நான் மட்டும் மறதிக்காரன் இல்லை. ஒன்று முதல் நான்கு வரையான போர்ட்கள் போர்டின் மீது நேராக நிமிர்ந்து நிற்கின்றன, அதுவும் சரியாகக் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில். கார்டு மாட்டியிருக்கும்போது விரல் நுழையாது. ஐந்தும் ஆறும் மட்டும் ஓரத்தில் பக்கவாட்டாகப் படுத்திருக்கின்றன, கேபிள் அழகாகப் போய் உட்காரும். அதாவது வேலை செய்யும் போர்ட் கைக்கு எட்டாது, கைக்கு எட்டுவது வேலை செய்யாது. போர்டு கேபினட்டுக்குப் பொருந்தும், கார்டும் கேபினட்டுக்குப் பொருந்தும், கார்டு போர்டிலும் பொருந்தும், ஆனால் கார்டு போர்டின் எந்த இடத்தை மூடுகிறது என்று எந்தத் தளமும் பார்ப்பதாகத் தெரியவில்லை. மதர்போர்டின் படத்தை மேலிருந்து பார்த்து, கார்டு வரும் இடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கார்டைக் கழற்றிவிட்டுச் செருகலாமே என்றால், கழற்றலாம். கழற்ற ஸ்லாட் முனையிலுள்ள தாழைத் தள்ள வேண்டும், அது கார்டுக்கும் கூலருக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது, பென்சில் விட்டுத்தான் தள்ளுகிறேன். கழற்றிவிட்டால் திரையில் ஒன்றும் வராது, ஏனென்றால் என் பிராசஸரில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது (ஏஎம்4இல் பெயர் முடிவில் 'ஜி' உள்ளவற்றில்தான் பெரும்பாலும் இருக்கும், இன்டெல்லில் 'எஃப்' போட்டதில் இருக்காது). ஆகவே ஒவ்வொரு முறை சோதிக்கவும் கழற்று, செருகு, திரும்ப மாட்டு, ஆன் செய். மூன்று தரம் செய்தால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு உண்மையான கோபம் பாதைகளைப் பங்கு போட்டதில் இல்லை, அது கணக்கு, இல்லாததைக் கொடு என்று கேட்க முடியாது. போர்டுக்கு இது தெரியும், தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை, அதுதான் தாங்கவில்லை. ஆன் ஆகும்போது ஆர்ப்பாட்டமாக லோகோ காட்டத் தெரிகிறது. "எம்.2 இருப்பதால் ஐந்தாம் போர்ட் அணைக்கப்பட்டது" என்று ஒரு வரி காட்டத் தெரியவில்லை. பயாஸில் போய்ப் பார்த்தால் அந்தப் போர்ட்டுக்கு நேரே ஒன்றும் இல்லை என்று வருகிறது, டிஸ்க் செத்திருந்தாலும் இதேதான் வரும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும், நிறையவே இருக்கிறது.

ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. பி450 வந்தது 2018இல். 2023இல் நான் இதே போர்டில் 2600ஐ எடுத்துவிட்டு ரைசன் 5 5600ஐ வைத்தேன், 2022இல் வெளியான பிராசஸர் அது. 2020 மே மாதம் ஏஎம்டி முதலில் பி450 அடங்கிய இந்த 400 வரிசை போர்டுகளுக்கு ரைசன் 5000 வரிசை பிராசஸர் கிடையாது என்பதுபோலச் சொல்லி, ஆட்கள் கொதித்ததும் அதே மாதத்திலேயே மனம் மாறியது, அந்த மனமாற்றத்தின் பலனைத்தான் நான் அனுபவிக்கிறேன். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே புதிய பயாஸை ஏற்றிவிட்டு அப்புறம் மாற்ற வேண்டும், இதை முன்பின்னாகச் செய்தால் புதிய பிராசஸரை போர்டுக்கு அடையாளமே தெரியாது. என் போர்டின் பயாஸ் சிப் 16 எம்பிதான், புதியதை உள்ளே அடைக்க மெனுவின் அலங்காரத்தையெல்லாம் கழற்றிவிட்டார்கள், முன்பைவிட அதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது. முதல் தடவை ஆன் செய்தபோது ஏதாவது தகராறு வரும் என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. வீடியோ வெட்டும் வேலையில் காத்திருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. ரேம் பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருந்தாலும் 2600 அதிகாரப்பூர்வமாக 2933 வரைதான் தாங்கும், என்னிடம் 3200இல் வைத்தால் அவ்வப்போது தொங்கும். 5600 வந்ததும் அதே ரேம் 3200இல் சத்தமில்லாமல் ஓடுகிறது. அதற்கும் முன்னால் எக்ஸ்எம்பியை (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் பயாஸ் தேர்வு) ஆன் செய்யாமல் எட்டு மாதம் 2400இல் ஓட்டினேன், அது என் கதை, போர்டின் தப்பில்லை.

பிராசஸர் மாற்றியபோது நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூலரை நேராக மேலே இழுத்தேன், காய்ந்துபோன பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, தாழ் போட்டபடியே. 1331 பின்னில் இரண்டு வளைந்தன. மெக்கானிக்கல் பென்சிலின் லெட் எடுத்த முனையை விட்டு நிமிர்த்தினேன், கை நடுங்கியது. கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, இடம் வலமாக மெதுவாகத் திருகிவிட்டுத் தூக்கியிருக்க வேண்டும். அந்தப் பிராசஸர் இப்போது வேறொருவர் வீட்டில் ஓடுகிறது.

அதே சமயத்தில் பவர் சப்ளையும் மாற்றினேன், கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை. பழைய கேபிள்களைப் பின்னாலே அழகாக வளைத்துக் கட்டியிருந்தேன், பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு அதே கேபிளைச் செருகலாமா என்று சபலம். செருகினால் கச்சிதமாக நுழையவும் செய்யும். ஆனால் பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவான விதியே இல்லை, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க்குகள் அங்கேயே முடிந்தன. நல்லவேளை, சோம்பலை அடக்கிக்கொண்டு புதுக் கேபிள்களையே ஓட்டினேன். இதை நினைத்தால் என் போர்டு மேல் கொஞ்சம் இரக்கம் வருகிறது, அது டிஸ்க்கை ஒளித்து வைக்கிறதே தவிரக் கொல்வதில்லை.

டேய், உனக்கு. பழைய பாகங்களைக் கேட்டு வாங்கும் எண்ணம் இருந்தால் சாக்கெட் பெயர் ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் நம்பி இறங்காதே. இன்டெல்லின் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இரண்டு உலகம் இருக்கிறது, 100, 200 வரிசை போர்டுகளில் ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசஸர்கள், 300 வரிசையில் எட்டும் ஒன்பதும். மாற்றி வைத்தால் உட்காரும், ஓடாது. எல்ஜிஏ 1700இல் ஒரே பிராசஸருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, ரேமை வாங்கிவிட்டு போர்டைத் தேடாதே. எம்.2 என்பது வடிவத்தின் பெயர், உள்ளே சாட்டாவும் இருக்கலாம் என்விஎம்இயும் இருக்கலாம், ஸ்லாட் இரண்டையும் ஏற்குமா என்று பார். கேபினட், ஃபேன் எல்லாம் உன் விருப்பம், அதில் எனக்குக் கருத்தில்லை.

முக்கியமாக, போர்டை வாங்கும் முன் அதன் கையேட்டின் பிடிஎஃப்பை இறக்கி, சேமிப்புப் பக்கத்துக்குப் போய், நட்சத்திரக் குறி போட்ட வரிகளை மட்டும் படி. மற்றதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

என் போர்டுக்கு மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஒன்பது. ஆறு வருடம், இரண்டு பிராசஸர், ஒரு நாள்கூடத் தானாக அணையவில்லை, கெபாசிட்டர் ஒன்றும் உப்பவில்லை. ஆனால் வாங்காதே. போன மாதம் கேட்டிருந்தால் வாங்கு என்று சொல்லியிருப்பேன், அடுத்த மாதம் கேட்டாலும் ஒருவேளை அப்படியே சொல்வேன், இந்த வாரம் கேட்டுவிட்டாய்.

டிஸ்க் இப்போது மூன்றாம் போர்ட்டில் இருக்கிறது. ஐந்திலும் ஆறிலும் இந்த முறை சிவப்பு டேப். பக்கத்து மூடியை இன்னும் திருகவில்லை.