டோக்கன் 74

மூனிக்கிலிருந்து கிளம்பும்போதே கையில் ஒரு பட்டியல் இருந்தது. மொத்தம் பதினேழு வேலை. அப்பாவின் வங்கிக் கணக்கை முடிப்பது, என்னுடைய பழைய சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்கு ஆக்குவது, வீட்டு வரியை அம்மா பேருக்கு மாற்றுவது, அம்மாவுக்கு முழு உடல் பரிசோதனை, எனக்குக் கடைவாய்ப் பல், மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. எக்செல்லில் போட்டு, எந்த வேலை எந்த நாளில் என்று கலர் கூடக் கொடுத்திருந்தேன். 2025 மே மாதம், மூன்று வாரம், அதற்குள் முடித்தாக வேண்டும்.

வந்த மறுநாள் காலை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. "பரிசோதனைக்கு ரெண்டு சுழி னை போடணும் கண்ணு, மூணு சுழி போட்டிருக்க" என்று விரலால் தொட்டுக் காட்டினார். அப்புறம், "இதுல மாம்பழத்தையே காணோமே?"

வழிப் பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூனிக்கிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம், அங்கிருந்து டாக்சி. விமான நிலையம் ஊருக்கு வடக்குக் கோடியில், நமக்குப் போக வேண்டிய சேலம் தெற்கே. ஓசூரைத் தொடுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். டிரைவர் தருமபுரிக்காரர், கிருஷ்ணகிரி டோல்கேட் வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். தொப்பூர் கணவாய் இறக்கம் வந்ததும் பாட்டை நிறுத்தி, பேச்சையும் நிறுத்திவிட்டார். கணவாய் தாண்டிய பிறகுதான், "இங்க மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்க்கா. எத்தன லாரி உருண்டிருக்கு தெரியுமா" என்றார். மொத்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அந்த அஞ்சு நிமிஷ மௌனம்தான்.

முதல் அடி போனில் விழுந்தது. ஒன்பது வருஷம் வைத்திருந்த என் இந்திய நம்பருக்கு இரண்டு வருஷமாக ரீசார்ஜ் செய்யவில்லை. 90 நாள் பயன்படுத்தாமல், பேலன்சும் இல்லாமல் கிடந்தால் கம்பெனிக்காரர்கள் நம்பரை எடுத்துக்கொள்வார்கள், பிறகு வேறு யாருக்காவது போய்விடும். தெரியும்தான். நம் நம்பருக்கு நடக்காது என்று ஒரு நினைப்பு. கூப்பிட்டுப் பார்த்தேன். ஆத்தூரில் ஒருத்தர் எடுத்தார். சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு இன்னும் கல்யாணப் பத்திரிகை எல்லாம் எனக்கு வருதுங்க" என்றார்.

நம்பர் இல்லையென்றால் ஓடிபி இல்லை. ஓடிபி இல்லையென்றால் இங்கே ஆளே இல்லாத மாதிரிதான். இளநீர்க்காரர் வரைக்கும் க்யூஆர் அட்டை தொங்குகிறது, நான் மட்டும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறைக்கு நின்றேன். வங்கியில் எந்த நம்பரைப் பதிவது என்று கேட்டபோது வேறு வழியில்லாமல் அம்மாவின் பட்டன் போன் நம்பரைக் கொடுத்தேன்.

முதல் வாரம் லீவு எடுக்காமல் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகத் திட்டம். ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் கோடையில் இங்கே பன்னிரண்டரை. காலையில் ஊர் வேலை, மதியத்துக்கு மேல் ஆபீஸ் வேலை என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாளே மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை. முந்தின நாள் பேப்பரில் போட்டிருந்தார்கள், அம்மா படித்துவிட்டு முன்கூட்டியே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லையாம். முக்கியமான மீட்டிங்கில் பாதிப் பேச்சோடு மறைந்துபோனேன். அன்று மாலையே மீதி நாட்களுக்கும் லீவு போட்டுவிட்டேன். வேலையையும் வீட்டையும் ஒரே மேஜையில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்குக் எங்கள் கன்னங்குறிச்சி டிரான்ஸ்பார்மர் சொல்லும் பதில் இது.

வங்கிக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், எல்லா வங்கியிலும் இதே கதைதான். முதல் நாள் டோக்கன் 74, ஓடிக்கொண்டிருந்தது 31. அப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது. கவுன்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், "வாரிசுச் சான்றிதழ் வேணும், எல்லா வாரிசும் வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் அப்போதுதான் விண்ணப்பித்திருந்தோம். விஏஓ விசாரித்து, வருவாய் ஆய்வாளரான ஆர்ஐ விசாரித்து, தாசில்தாருக்குப் போக வேண்டும். ஆனால் மே கடைசியில் ஜமாபந்தி என்கிற வருடாந்திர நிலக் கணக்குத் தணிக்கை வேலை வந்துவிட்டால் வருவாய்த் துறையில் யாரையும் நாற்காலியில் பார்க்க முடியாது.

நான் குரலை உயர்த்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, மஞ்சள் பையிலிருந்து அப்பாவின் பாஸ்புக்கை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்து, மங்கிப்போன ஒரு வரியின் கீழ் நகத்தை வைத்தார். நாமினேஷன் பதிவு செய்யப்பட்டது என்று அச்சாகியிருந்தது. "இதுக்கு என்ன வேணுமோ அத மட்டும் சொல்லும்மா" என்றார், வகுப்பில் பின்பெஞ்சுக்காரரிடம் பேசுகிற குரலில். நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் நாமினியின் அடையாளச் சான்றும் கோரிக்கைப் படிவமும் போதும், 15 நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதி. அந்தப் பெண் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்தார். படிவம் கொடுத்தார். மன்னிப்பு கேட்கவில்லை, அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

என் கணக்கு விஷயத்தில் தப்பு என்னுடையது. வெளிநாட்டில் குடியேறிய பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ-வாக மாற்ற வேண்டும். ஒன்பது வருஷமாகச் செய்யவில்லை. விசா நகல், வெளிநாட்டு முகவரிச் சான்று, போட்டோ என்று மூன்று முறை அலைந்தேன்.

ஆக அந்த வங்கி பெஞ்சில் மட்டும் நாலு காலை. வீட்டில் அம்மா அடுப்படியில் இருப்பார், நான் லேப்டாப்பில் இருப்பேன், சாப்பிடும்போது டிவி ஓடும். பெஞ்சில் இரண்டு பேருக்கும் போக இடமில்லை. டோக்கன் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவோம்.

அம்மா பதினோரு வருஷம் ஏற்காட்டு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். தினமும் பஸ்ஸில் ஏறி, தினமும் இறங்கி. நான் அப்போது பாட்டியோடு இருப்பேன், அம்மா இருட்டின பிறகு வருவார், தலைவலித் தைலம் வாசனையோடு படுத்துவிடுவார். எனக்குத் தெரிந்த ஏற்காடு அவ்வளவுதான். இப்போது சொன்னார்: "நவம்பர் வந்துட்டா வகுப்புல பாதி காலி. அப்பன் ஆத்தாளோட காப்பிப் பழம் பறிக்கப் போயிரும்ங்க. நானே எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போயிக் கூப்புடுவேன். வந்தா கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், நோட்டுல ஒட்டும். பழத்தப் பிதுக்கி தோல்ல இருக்கற சாறச் சப்பிட்டு, எனக்கும் ரெண்டு குடுக்கும்ங்க. நல்லா இனிக்கும்." எழுபத்து நாலு என்று பலகை மாறியது, இருவருமே கவனிக்கவில்லை. எழுபத்தஞ்சுக்காரர் போய் உட்கார்ந்துவிட்டார்.

தபால்காரர் வந்ததைச் சொல்லியாக வேண்டும். அம்மா ஓய்வுபெற்றது மே மாதம், ஓய்வூதியர் நேர்காணலும் மேயில்தான். ஆட்டோ பிடித்துக் கருவூலத்துக்குக் கூட்டிப்போவது என் பட்டியலில் ஆறாவது. அம்மா ஏற்கெனவே தபால்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். அஞ்சலக வங்கி மூலம் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் வாழ்நாள் சான்று எடுத்துக் கொடுக்கிறார்கள், கட்டணம் 70 ரூபாய். திண்ணையில் உட்கார்ந்து சின்னக் கருவியை நீட்டினார். அம்மா கட்டைவிரலை வைத்தார், எடுக்கவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி. எடுக்கவில்லை. "டீச்சருங்க எல்லாருக்கும் ரேகை இப்படித்தான் தேஞ்சு கிடக்கு" என்று சொல்லிவிட்டு, போனைத் தூக்கி முகத்தைப் படம் பிடித்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னார். அம்மா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தார். உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. தபால்காரர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

உடல் பரிசோதனைதான் படுதோல்வி. பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பேக்கேஜ் போட்டேன். வெறும் வயிற்றோடு பதினொன்றரை வரை உட்காரவைத்து, கடைசியில் பட்டியலில் இல்லாத இரண்டு ஸ்கேனையும் சேர்த்து பில் கொடுத்தார்கள். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் சொன்னது, ஏற்கெனவே சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையையே தொடருங்கள் என்பதுதான். அந்த மாத்திரை, மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் மாதாமாதம் ஒரு தங்கச்சி வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறது. பிரஷரும் பார்க்கிறது. அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, பசியில்.

என் பல் மட்டும் இரண்டு உட்காரலில் முடிந்தது. ஜெர்மனியில் இதற்கு டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், வாங்கியிருந்தால் ஆறு வாரம் கழித்துக் காலை 10:40 என்று வந்திருக்கும், சரியாக 10:40-க்குக் கூப்பிட்டும் இருப்பார்கள். சாலை ஓரப் பல் ஆஸ்பத்திரியில் "இப்பவே உட்காருங்க" என்றார்கள். இரண்டில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, வலிக்கிறவருக்கு இதுதான் மேல்.

பழைய பஸ் ஸ்டாண்டு வரை டவுன் பஸ்ஸில் போனோம். மகளிருக்குக் கட்டணமில்லை, கண்டக்டர் டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். அப்போது அங்கே மாதம் 58 யூரோ கொடுத்து ஊர் சுற்றிக்கொண்டிருந்தவள் நான். காசை எடுத்து நீட்டிவிட்டு அசடு வழிந்தேன். மிச்சமான காசுக்குத் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே காரச் சட்னியும் பச்சைச் சட்னியும். கடித்தால் பாதி தட்டில் விழ வேண்டும், விழாவிட்டால் செட் சரியில்லை என்று அர்த்தம். சேலத்தை விட்டு வெளியே இதை எங்கே சாப்பிட்டாலும் ஏதோ ஒன்று குறைகிறது. குறைவது அந்தச் சாக்கடை ஓர நிற்பாக இருக்கலாம்.

ஏற்காடு என் பட்டியலில் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை அம்மா புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கோரிமேட்டுல பஸ் ஏறிக்கலாம்."

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு, ஆனால் அம்மா பலகையைப் பார்க்காமலே எண்ணிக்கொண்டு வந்தார். "இங்கதான் ஒரு தடவ பலாப்பழ லாரி கவுந்து, ஒன்பது மணி வரைக்கும் நின்னோம்." பாதி மலையில் எனக்குக் காது அடைத்தது. "எச்சில முழுங்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்துக்கு வந்த பிறகு சில்வர் ஓக் மரங்களும் அதில் படர்ந்த மிளகுக் கொடியும் வந்தன. இந்த மலைக்கு 1820-களில் காப்பியைக் கொண்டுவந்தது சேலம் கலெக்டர் காக்பர்ன் என்று அம்மா வகுப்பெடுத்தார். முன் சீட்டுப் பையன் திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தான்.

ஏரியில் படகுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. லேடீஸ் சீட்டும் வேண்டாம், பகோடா பாயிண்டும் வேண்டாம் என்றார் அம்மா. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போவோம். கோடை விடுமுறை, கேட் பூட்டியிருந்தது. கட்டடத்துக்குப் புதுப் பெயின்ட். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். நான் ஏதோ உணர்ச்சிகரமாக வரப்போகிறது என்று போனை எடுத்து வைத்துக்கொண்டேன். சுவரில் எழுதியிருந்த பொன்மொழியை வாசித்துவிட்டுத் திரும்பினார். "முயற்சிக்கு ஒரு ச் அதிகம். பேனா வெச்சிருக்கியா?" இருந்தது, எட்டவில்லை. கீழே வந்து ஒரு கடையில் கால் கிலோ மிளகும் காப்பித் தூளும் வாங்கினோம். பஸ்ஸில் இறங்கும்போது அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்தக் காலத்திலும் இப்படித்தான் இறங்கியிருப்பார், தோள்தான் யாருடையதோ.

பதினேழில் ஒன்பது முடிந்தது. வாரிசுச் சான்று வரவில்லை, வீட்டு வரி மாறவில்லை, தொட்டி மூடிக்கு அளவெடுத்துப் போனவர் திரும்பவில்லை. மாம்பழம் மட்டும் இமாம் பசந்த், மல்கோவா, குண்டு என்று நாளொன்றுக்கு இரண்டு வீதம் சரியாக நடந்தது. திரும்பும்போது டாக்சி எடுக்காமல் சேலம் ஜங்ஷனில் வந்தே பாரத் ஏறினேன், கோவையிலிருந்து பெங்களூரு போவது. சுத்தமாக இருந்தது, நேரத்துக்கு வந்தது. அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை, பால்காரர் கணக்கு முடிக்க வருவாராம்.

மூனிக் வந்து பத்தாம் நாள், காலை ஆறரை. ஆபீசுக்கு முன் என்ஆர்ஓ கணக்கில் ஒரு பில் கட்டலாம் என்று உட்கார்ந்தேன். ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அரை நிமிஷத்தில் போன் அடித்தது.

"கண்ணு, ஆறு நம்பர் வந்திருக்கு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு. உனக்குச் சொல்லலாமா?"

"சொல்லுங்கம்மா."

"இரு, கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல."

டிராயர் இழுபடும் சத்தம், டம்ளர் உருளும் சத்தம், தூரத்தில் கீரைக்காரம்மாவுக்கு அம்மா ஏதோ பதில் சொல்வது. திரும்பி வந்து நாலு எண்ணைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, அது வந்து சேர்வதற்குள், தொட்டி மூடிக்காரர் வந்தாரா என்று கேட்டேன்.