பழைய பெட்டரியைக் கொடுப்பதற்கு முன்: ஓட்டோ வைத்திருக்கும் நம்மவர்களுக்கு

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு உங்கள் ஸ்டேன்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். பழைய பெட்டரி ஒன்றைத் தேய்த்துத் துடைத்து, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி, 18,500 ரூபாவுக்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர்கள் கழற்றி எடுத்துக்கொண்ட என்னுடைய சொந்தப் பெட்டரி அநேகமாக நல்ல பெட்டரி. வண்டியில் இருந்த கோளாறே வேறு. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், விசாரணை முடியட்டும். பெயரைவிட அவர்கள் செய்யும் விதம் தெரிந்தால்தான் மற்றவர்கள் தப்பலாம், ஏனென்றால் இந்த வேலையை ஒரு கடை மட்டும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

என்னுடையது பஜாஜ் ஆர்ஈ, நான்கு ஸ்ட்ரோக் வண்டி. டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கியதும் நல்லதண்ணி ஹயர் இரவிலும் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெசாக் வரைக்கும் நமக்கு நாலு காசு பார்க்கக் கூடிய காலம் அதுதான். அந்த நேரம் பார்த்து வண்டி காலையில் செல்ப் எடுக்க மறுத்தது. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும். ஹெட்லைட்டும் மங்கல். வழக்கம்போல இறக்கத்தில் நிறுத்தி வைத்து, உருட்டி, செகண்ட் கியரில் விட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். மலைநாட்டில் இது ஒரு வசதி. ஆனால் கோயிலடி மேட்டில் ஆட்களை ஏற்றிவிட்டு, இறங்கித் தள்ளுங்கள் என்று சொல்ல முடியாதே.

டவுனில் உள்ள கடைக்குப் போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். ஒரு பையன் வந்து டெஸ்டரை எடுத்து இரண்டு பக்கமும் கவ்விவிட்டு அழுத்தினான். முள் சிவப்புக்குப் போய் விழுந்தது.

"அண்ணே, செல் போயிருச்சி. இதுக்கு மேல ஓடாது."

"சார்ஜ் போட்டுப் பார்க்க ஏலாதா தம்பி?"

"போட்டாலும் ரெண்டு நாளைக்குத்தான். சீசன் நேரம், வழியில நின்னா யாரு பார்க்கிறது?"

இந்தக் கடைசி வார்த்தைதான் வியாபாரமே. நமக்கு எங்கே வலிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த டெஸ்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முள்ளைப் பார்த்துத்தான் எல்லோரும் காசை எடுக்கிறோம். அந்தக் கருவி பெட்டரியிலிருந்து ஒரேயடியாக நிறைய கரண்ட்டை இழுத்து, அப்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும். சார்ஜ் நிறைந்த பெட்டரியில் செய்தால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம். பாதி சார்ஜில் இருக்கும் பெட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முள் விழும். அதிலும் கார் பெட்டரிக்கான டெஸ்டரை ஓட்டோவின் சின்னப் பெட்டரியில் வைத்து நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் விழாமல் என்ன செய்யும்? அன்றைக்கு என் பெட்டரிக்கு யாரும் சார்ஜ் போடவில்லை.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இது இன்னும் மோசம். பகலிலேயே மூடுபனிக்கு ஹெட்லைட் போட்டு ஓடுகிறோம். ஏற்றத்தில் ஊர்ந்து, ஸ்டேன்டில் ஐட்லிங்கில் நின்று, தோட்டத்துக்கும் டவுனுக்கும் குட்டிக் குட்டி ஹயர் ஓடுகிறோம். பெட்ரோல் விலை ஏறிய பிறகு இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு லைட்டோடு உருட்டி வருகிறவர்களும் உண்டு. அப்போது பெட்டரியிலிருந்து போகிறதே தவிர ஒன்றும் வருவதில்லை. குளிர் வேறு. ஈயப் பெட்டரிக்குக் குளிரில் இழுவை குறையும், என்ஜின் ஒயிலும் தடித்துப்போகும், செல்ப் மோட்டருக்குக் கூடுதல் பலம் தேவைப்படும். ஆக, நுவரெலியா மாவட்டத்தில் தை மாதக் காலையில் எந்த ஓட்டோவைக் கொண்டுபோய் டெஸ்டர் வைத்தாலும் பாதிக்குப் பாதி சிவப்பு காட்டும். கடைக்காரருக்கு இது விளைச்சல் காலம்.

சரி, வாங்கினேன். பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டார்கள். பில் கேட்டதற்கு "பெட்டரி 1" என்று எழுதி 18,500 போட்டுத் தந்தார்கள். வொரண்டி கார்ட்டில் கடை முத்திரை மட்டும் இருந்தது. சீரியல் இலக்கமும் திகதியும் எழுதச் சொன்னேன். "அதெல்லாம் எங்க புத்தகத்துல இருக்கு தம்பி, நாங்க எங்க ஓடிப்போகப் போறோம்" என்றார் முதலாளி. பழைய பெட்டரியைத் திருப்பிக் கேட்டதற்கு, அதைக் கழித்துத்தான் இந்த விலை என்றார். எவ்வளவு கழித்தார் என்பது பில்லில் இல்லை. பையன் அதற்குள் அதை உள்ளே கொண்டுபோய்விட்டான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாள் நன்றாக எடுத்தது. பொங்கல் கழிந்த கையோடு மறுபடியும் அதே டக் டக். கொண்டுபோனேன். முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள். திங்கட்கிழமை போனால், கம்பனி ஆள் வந்து பார்க்க வேண்டும். கம்பனி ஆள் வரவேயில்லை. அடுத்து, பெட்டரியை வைத்துவிட்டுப் போங்கள், சார்ஜ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். போட்டுத் தந்தார்கள், ஒரு வாரம் ஓடியது, மறுபடி படுத்தது. கடைசியாகப் போனபோது பேச்சு மாறிவிட்டது: "உங்க வண்டி வயரிங்தான் பிழை. வயரிங் பிழையால கெட்டா வொரண்டி இல்ல." முதல் நாள் வயரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அதே வாய்.

ஆனாலும் அந்த வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். வயரிங்கில் பிழை இருக்கத்தான் செய்தது.

நோர்வூட் பக்கத்தில் வண்டி வயரிங் வேலை செய்கிற பாஸ் ஒருவர் இருக்கிறார். வயதான மனிதர், கடைக்குப் பலகை கூடக் கிடையாது. அவர் பெட்டரியைத் தொடவேயில்லை, முதலில் வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்தார். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, என்ஜினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடிக்கச் சொல்லி, பெட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தார். என்ஜின் வேகமாக ஓடும்போது 13.8 தொடக்கம் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். என் வண்டியில் 12ஐ ஒட்டியே நின்றது, என்ஜினை ஏற்றினாலும் அசையவில்லை. "சார்ஜே ஏறலியே மகன், எந்தப் பெட்டரி போட்டாலும் சாகத்தான் செய்யும்" என்றார். பெட்டரிக்கு ஏறும் சார்ஜைச் சீராக்குகிற ரெகுலேட்டர் போயிருந்தது. சேஸியில் அர்த் வயர் பிடிக்கும் போல்ட் பச்சை பூத்து உளுத்துப் போயிருந்தது. இரண்டையும் சரி செய்தார். நான் கொடுத்த காசு 18,500இல் நாலில் ஒரு பங்கு கூட வராது. முதல் நாளே அந்தக் கடையில் மீட்டரை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். பெட்டரி விற்கிற கடையில் மீட்டர் இல்லாமலா இருக்கும்?

அர்த்தும் ரெகுலேட்டரும் சரியான பிறகும் பெட்டரி எழும்பவில்லை. பாஸ் அதை இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜில் போட்டு, காலையில் ஆறவிட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட் பெட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். சார்ஜ் நிறைந்து சும்மா இருக்கும்போது 12.6 அளவில் நிற்க வேண்டும். இது 10.5க்குப் பக்கத்தில் நின்றது. ஒரு செல் முழுசாகச் செத்திருந்தால் காட்டுகிற கணக்கு. மூடிகளைத் திறந்து, அசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சிப் பார்த்தார். ஐந்து செல்லில் 1.250ஐத் தாண்டியது, ஒன்றில் 1.150 கூட இல்லை. அந்த செல்லின் அசிட் கலங்கிப்போய் பழுப்பாக இருந்தது. தட்டு உதிர்ந்து அடியில் தேங்கினால்தான் இப்படி வரும், வாங்கிச் சில வாரமான பெட்டரியில் வராது என்றார்.

அப்போதுதான் அவர் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். புது ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கரின் பசை. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கில் ஆணியால் கீறிய மாதமும் வருடமும். நம் ஆட்கள் பெட்டரி வாங்கிய அன்றைக்குக் கீறி வைப்போமே, அதேதான். யாரோ ஒரு டிரைவர் எப்போதோ வாங்கிய பெட்டரியை எனக்குப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். அந்த மனிதருக்கு யாருடைய பெட்டரியைப் புதிது என்று விற்றார்களோ.

பாஸ் சொல்லிக் காட்டிய அடையாளங்கள் சில உண்டு. ஈய முனை இரண்டும் புதுப் பெட்டரியில் வழுவழுப்பாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அரம் போட்டுத் தேய்த்தது பளபளக்கும், கிட்டப் பார்த்தால் கோடு தெரியும், க்ளாம்ப் இறுக்கிய இடத்தில் ஆள் மெலிந்த மாதிரி கொஞ்சம் ஒடுங்கியும் இருக்கும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், வண்டித் தகட்டில் உராய்ந்த தடத்தை எந்த ஷாம்பு போட்டும் எடுக்க முடியாது. பெட்டியில் அச்சாகியிருக்கும் தயாரிப்புக் குறியீட்டைச் சுரண்டியிருக்கிறார்களா, அதன் மேலே வேண்டுமென்றே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். அசிட் ஊற்றாமல் வருகிற வகை என்றால் சீல் உடைப்பதும் அசிட் ஊற்றுவதும் நம் கண் முன்னால் நடக்க வேண்டும். ஊற்றியதும் அரை மணி நேரமாவது ஊறவிட்டு, அப்புறம் சார்ஜ் போட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்கள். பத்து நிமிடத்தில் மாட்டித் தருகிற கடை ஒன்று இந்த வேலையைச் செய்யவில்லை, இல்லாவிட்டால் ஏற்கனவே அசிட் குடித்த பெட்டரியைத் தருகிறது.

பழைய பெட்டரி மேல் ஏன் இவ்வளவு ஆசை என்றால், அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். செத்த பெட்டரிக்கே எடைக்குக் காசு. உயிருள்ள பெட்டரி என்றால் கழுவி, முனை தேய்த்து, ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி முழு விலைக்கு விற்கலாம். 2022இல் ரூபா விழுந்து சாமான் விலையெல்லாம் எகிறிய பிறகு ஆளாளுக்கு இதில் கை வைக்கிறார்கள் என்று பாஸ் சொல்கிறார். நான் என்னுடைய பெட்டரியைத் திருப்பித் தரச் சொன்னபோது, லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். போயிருக்கலாம். அல்லது இப்போது யாருடைய ஓட்டோவிலாவது புதுப் பெட்டரியாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது முறைப்பாடு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம், ஆனால் பேசுவதோடு நிற்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்கு தெரிந்த பிறகுதான் "திங்கட்கிழமை வாருங்கள்", "கம்பனி ஆள் வரட்டும்" என்பதெல்லாம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. இன்னும் நாலைந்து தடவை அலையவிட்டிருந்தால் என் நாள் முடிந்திருக்கும். அதே சட்டத்தில், வாங்குகிறவர் கேட்டால் கடைக்காரர் திகதி, அளவு, விலை எழுதிய பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இருக்கிறது. என் கையில் அந்தப் பில் இருந்ததால்தான் முறைப்பாடே நின்றது. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய்த் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். பில் பிரதி, வெறுமையான வொரண்டி கார்ட், ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த கீறலின் படம், பாஸ் எழுதித் தந்த அளவுகள் எல்லாவற்றையும் இணைத்தேன்.

கடிதம் போன பிறகு கண்டிக்குப் போயிருந்த முதலாளி தானாகவே போன் எடுத்தார். "தம்பி, இன்னொரு புதுப் பெட்டரி தாறேன், கடிதத்த வாபஸ் எடுத்துருங்க." அவரிடமிருந்து இன்னொரு புதுப் பெட்டரி எனக்கு எதற்கு? காசைத் திருப்பித் தாருங்கள், என் பழைய பெட்டரிக்கும் கணக்குச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். விசாரணைத் திகதி வரவேண்டியிருக்கிறது. இப்போது வண்டியில் இருப்பது வேறு இடத்தில் சீரியல் இலக்கம் பில்லில் எழுதி வாங்கிய பெட்டரி. அந்தக் கடையில் வாங்கிய ஸ்டிக்கர் பெட்டரியையும் நானே வைத்துக்கொண்டேன், சாட்சிக்கு.

பெட்டரி மாற்றச் சொல்லி யாராவது உங்களிடம் சொன்னால், முதலில் என்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வண்டியை உருட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போங்கள், நம் ஊரில் இறக்கத்துக்கா பஞ்சம். இந்த சீசனில் டவுன் பக்கம் ஏற்கனவே வாங்கியவர்கள் பில்லை எடுத்துத் திகதியைப் பாருங்கள். மூன்று மாதம் ஆகவில்லை என்றால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சோதித்துப் பாருங்கள். உரிப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் அடிப்பக்கமும் படம் எடுத்துவிடுங்கள், உரிக்கும்போது வீடியோவும் எடுங்கள். இல்லாவிட்டால் கீறியது நீங்கள்தான் என்று சொல்லிவிடுவார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.